எள் என்று நினைத்தது

எங்கள் நாய் தெருவில் பிறந்தது. மூன்று மாதக் குட்டியாக எங்களிடம் வரும்வரை கீழே கிடந்ததைத் தின்றுதான் உயிரோடு இருந்தது. ஐந்து வருடமாக வேளை தவறாமல் சாப்பாடு கிடைத்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதை நடத்திக் கூட்டிப் போவது என்றால், அதன் மூக்குக்கு நாலடி முன்னால் என் கண் போக வேண்டும் என்று அர்த்தம்.

அது எனக்குச் சிரமமாக இல்லை. முப்பத்தோரு வருடம் ஒரு செய்தித்தாளில் பிறர் எழுதியதைத் திருத்தும் மேசையில் இருந்தேன். ஒரு வரியைப் படிக்கும்போதே அடுத்த வரியில் எது இடறப் போகிறது என்று கண் தேடிப் போய்விடும். ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கண்ணுக்கு மல்லேஸ்வரத்தில் கிராஸ் என்று சொல்லும் குறுக்குத் தெருக்களில் எங்களுடையதும் அதை ஒட்டிய இரண்டும் கிடைத்தன. கோழி எலும்பு, உடைந்த பாட்டில், பிறந்தநாள் கேக் ஒட்டிய அட்டை, யாரோ துப்பிய மாத்திரை. பார்த்தவுடன் "விடு" என்பேன். பத்து தடவையில் எட்டு தடவை விட்டுவிடும்.

மற்றவற்றைத் தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன். எங்கள் சாலையைக் கான்கிரீட் போட்டுப் புதுப்பித்த வருடம், ஏப்ரல் மாதம், காலை பத்து மணிக்குக் கூட்டிப் போனேன். நான் செருப்பு போட்டிருந்தேன். அது மூன்றாவது வீட்டருகே ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தபோது விளையாடுகிறது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதத்தில் தோல் உரிந்திருந்தது. அதிலிருந்து கோடையில் கிளம்புமுன் புறங்கையைத் தரையில் வைத்துப் பார்ப்பேன். ஏழு எண்ணும்வரை வைக்க முடிந்தால் போகலாம். கழுத்துப்பட்டையை விட்டுவிட்டு மார்பில் மாட்டும் பட்டைக்கு மாறியது ஒரு ஸ்கூட்டரால். நடைபாதையிலேயே வந்தது. நான் பயந்து கயிற்றை இழுத்தேன். நாய் ஒரு வாரம் இருமியது.

தெருநாய்களுக்கு எல்லைகள் உண்டு. மருந்துக்கடை வரை ஒரு கூட்டம், அதற்கு அப்பால் வேறு. எல்லையில் நாங்கள் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவோம். ஓட மாட்டோம், கயிற்றைச் சுருக்கிப் பிடிக்கவும் மாட்டோம். கயிறு இறுகினால் நம்முடைய நாய்தான் முதலில் உறுமுகிறது. பூங்கா வாசலில் நாய்களுக்கு அனுமதியில்லை என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே தெருதான்.

நான் சொல்ல வந்தது ஒரு மகாளய அமாவாசைக் காலை.

அன்று எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தர்ப்பணம். கறுப்பு எள்ளும் தண்ணீரும் விட்டு முன்னோர்களை நினைப்பது, பிறகு எள் கலந்த சோற்றை உருட்டிக் காக்கைக்கு வைப்பது. முன்பெல்லாம் இது மதியத்தை ஒட்டி நடக்கும். இப்போது அதைச் செய்து வைக்கும் வாத்தியார்களுக்கு ஒரே காலையில் பல வீடுகள். ஐந்தரைக்கே முதல் வீடு தொடங்கிவிடுகிறது. அதனால் நாங்கள் நடக்கப் போகும் நேரத்திலேயே மதில் மேல், மொட்டைமாடி விளிம்பில், சாக்கடை மூடிய கல்லின் மேல் சோற்று உருண்டைகள் இருக்கும். காகங்கள் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அன்று ஒருநாள் அவற்றுக்கு ஏக மரியாதை.

மூலை வீட்டுக்கு வெளியே, சாக்கடைக் கல்லின் மேல் மூன்று உருண்டைகள் இருந்தன. நெல்லிக்காய் அளவு. நான் பார்ப்பதற்குள் நாய் ஒன்றை விழுங்கிவிட்டது. "விடு" என்றேன். விட்டது. என் முகத்தைப் பார்த்தது. நான் குனிந்து மீதி இரண்டையும் பார்த்தேன். வெள்ளைச் சோறு, அதில் கறுப்பு. எள்.

அமாவாசையன்று சாப்பிட வந்த எதையும் விரட்டக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். காக்கை, பசு, நாய், யாரோ. எந்த ரூபத்தில் யார் வந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது என்பார்கள். நான் இதையெல்லாம் நம்புகிறவள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கை கயிற்றைத் தளர்த்தியது. நாய் இரண்டாவது உருண்டையையும் தின்றது. மூன்றாவது காக்கைக்கு இருக்கட்டும் என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்போது மணி ஆறு நாற்பது.

வீட்டில் என் கணவர் ஈர வேட்டியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வாத்தியார் இரண்டு வருடமாகப் போனில்தான் செய்து வைக்கிறார். ஒரே அழைப்பில் ஏழெட்டு வீடுகள். ஏழு மணிக்குத் தொடங்குவார். முடியும்வரை நாய் பின்கட்டில் இருக்க வேண்டும், அதற்குச் சாப்பாடும் கிடையாது. காக்கைக்கு வைத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்களுக்கு. கால்களைத் துடைத்து, விரல் இடுக்குகளில் உண்ணி இருக்கிறதா என்று பார்த்து, பின்கட்டில் விட்டேன்.

ஏழு பத்துக்கு வாசலில் மணி அடித்தது. எங்கள் தெருவைக் கூட்டும் அம்மா. கன்டோன்மென்ட் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர். பதினோரு வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறார். எந்த வீட்டுக் குப்பையில் என்ன இருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

"மேடம், நாய இன்னிக்கு அந்த மூலைப் பக்கம் இட்டுக்கினு போவாதீங்க. பெருச்சாளி ஒண்ணு செத்துக் கெடக்குது. வாயெல்லாம் நுரை."

"போயிட்டு வந்துட்டோமே" என்றேன்.

"சோறு கீறு ஏதாச்சும் துண்ணுச்சா?"

"கல்லு மேல காக்காய்க்கு வெச்சிருந்தாங்க. அதை..."

"காக்காய்க்கா?" அவர் கையுறை போட்ட கையில் ஒரு காகிதப் பொட்டலம் வைத்திருந்தார். "ரோட்ல அத்தனை காக்கா ஒக்காந்துனு இருக்குது. இத மட்டும் ஒண்ணுகூடத் தொடல. எறங்கிச்சு, பாத்துச்சு, போயிடுச்சு. அப்பவே எனக்கு டவுட்டு. மோந்து பாத்தேன், பூண்டு வாசனை. அமாவாசைச் சோத்துல பூண்டு எந்த ஊட்ல போடுவாங்க மேடம்?"

பொட்டலத்தைப் பிரித்தார். மூன்றாவது உருண்டை. கூடத்தில் என் கணவரின் முன்னால் கிண்ணத்தில் எள் இருந்தது. இருந்த இடத்திலிருந்தே எனக்கு இரண்டும் தெரிந்தன. எள்ளுக்கு ஒரு வடிவம் உண்டு, ஒரு முனை கூர்மையாக. உருண்டையில் இருந்தது வெறும் பொடி. சாம்பல் கலந்த கறுப்பு. எங்கும் ஒரு மணிகூட இல்லை. நான் குனிந்து பார்த்தேன் என்று சொன்னேன். பார்க்கவில்லை. அன்று என்ன நாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதனால் அது எள்ளாக இருந்தது.

அடுத்து நான் செய்ததும் தப்புதான். நேராக மூலை வீட்டுக்குப் போனேன். மேசையில் இருந்த பழக்கம். ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது, சம்பந்தப்பட்டவரிடம் கேட்க வேண்டும். அந்த வீட்டுக்காரர் கன்னடக்காரர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் நின்றே கேட்டேன். எலி மருந்து வைத்தீர்களா, என்ன மருந்து, எப்போது.

"நாவு ஏனூ இட்டில்ல" என்றார். நாங்கள் எதுவும் வைக்கவில்லை. பிறகு தமிழில், "யாரோ பூஜைக்கு வெச்சது இருக்கும்" என்றார்.

நான் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தேன். துப்புரவு அம்மா பின்னாலேயே வந்து நின்றார். "யார் வெச்சாங்கன்னு சாயங்காலம் கேட்டுக்கோ மேடம். மொதல்ல நாயத் தூக்கு" என்றார். எப்போதும் 'ங்க' போட்டுப் பேசுகிறவர்.

திரும்பி வந்தபோது நாய் பின்கட்டில் முதுகை வளைத்து நின்றுகொண்டிருந்தது. உட்காரும், எழுந்துகொள்ளும், மறுபடி உட்காரும். வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "மோர் குடு, இல்லேன்னா உப்புத் தண்ணி. எதுவானாலும் வாந்தி வந்துடும்" என்றார். நான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ரயில் பாதைக்கு அப்பால் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் ஒரு கால்நடை மருத்துவமனை. எடுத்த பெண் சொன்னது மூன்று விஷயங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சாப்பாடு கொடுக்காதீர்கள். தின்றதில் மீதி இருந்தால் கொண்டுவாருங்கள். துப்புரவு அம்மாவிடமிருந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நாயோடு ஆட்டோ பிடிக்க நினைத்தவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும். கூடத்தில் தர்ப்பணம் பாதியில் இருந்தது. அதன் நடுவில் எழுந்திருக்கக் கூடாது. நாயைத் தொடுவது என்பது பேச்சே இல்லை. முப்பது வருடத்தில் என் கணவர் ஒரு அமாவாசை தவறவிட்டதில்லை. நான் கூடத்து வாசலில் நின்று, "ஏன்னா, நாய் எலி மருந்தைத் தின்னுடுத்து" என்றேன்.

அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கையிலிருந்த எள்ளுத் தண்ணீரைத் தாம்பாளத்தில் விட்டார். எழுந்தார். "கார் சாவி எங்கே?"

"தர்ப்பணம்..."

"அப்பாவுக்கு அவசரம் ஒண்ணுமில்லை. அவர் இருந்திருந்தா இந்நேரம் கார்ல உக்காந்திருப்பார். நீ கதவைத் திற."

பதினெட்டுக் கிலோ நாயை ஈர வேட்டியோடு தூக்கிக்கொண்டு போனார். விரலில் தர்ப்பைப் பவித்திரம் அப்படியே இருந்தது. போனில் வாத்தியார் யாருமில்லாத கூடத்துக்கு அடுத்த மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் சேர்ந்தபோது ஏழு ஐம்பது. டாக்டர் முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். பொட்டலத்தைப் பிரித்து, முகத்தருகே கொண்டுபோகாமல் கையால் விசிறி வாசனை பார்த்தார்.

"இது வயித்துல ஆசிட்டோட சேர்ந்தா கேஸ் ஆகும். அந்த கேஸ்தான் விஷம். சாப்பிட ஏதாவது குடுத்தீங்களா? பால், மோர்?"

"இல்லை. இன்னிக்கு எங்க வீட்ல யாரும் சாப்பிடலை."

"நல்லது. சாப்பாடு உள்ள போனா ஆசிட் இன்னும் சுரக்கும். எவ்வளவு தின்னுச்சு? எத்தனை உருண்டை?"

"ஒண்ணு" என்றேன்.

என் கணவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். காரில் வரும்போது அவர் கேட்டதற்கும் அதே பதிலைத்தான் சொல்லியிருந்தேன். முதல் உருண்டை நாய் தின்றது. இரண்டாவது நான் கொடுத்தது. அப்படித்தான் அந்தக் காலையில் எனக்குத் தோன்றியது, இப்போதும் அப்படியே. நாய் தானாகத் தின்றதைச் சொல்ல வாய் வந்தது. மற்றது வரவில்லை.

டாக்டர் ஊசி போட்டார். உள்ளே வேண்டாம், அந்த வாயு எங்களுக்கும் ஆகாது என்று நாயை வெளி வராந்தாவுக்குக் கொண்டுபோகச் சொன்னார். காற்று வரும் பக்கம் எல்லோரும் நின்றோம். ஐந்து நிமிடத்தில் வாந்தி எடுத்தது. சோறு, நுரை, சாம்பல் கறுப்பு. டாக்டர் குச்சியால் கிளறிப் பார்த்தார். பொட்டலத்திலிருந்த உருண்டையை ஒருமுறை பார்த்தார்.

"ஒரு உருண்டைக்கு இது சரியா இருக்கு. கிட்டத்தட்ட எல்லாம் வந்துடுச்சு. லக்கிதான். ட்ரிப் போட்டு வெச்சுப் பார்க்கலாம்." அவர் உள்ளே போகத் திரும்பினார்.

ஒரு எண் தவறாக அச்சாகிவிட்டால் மறுநாள் திருத்தம் போடலாம். எத்தனையோ திருத்தங்களை நானே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் மற்றவர்களின் தவறுகளுக்கு. இங்கே மறுநாள் என்று ஒன்று இருக்குமா என்பதே அந்த எண்ணில் இருந்தது.

"டாக்டர், ரெண்டு" என்றேன்.

"என்ன ரெண்டு?"

"ரெண்டு உருண்டை தின்னுது. ரெண்டாவதை நான்தான் தின்னவிட்டேன். எள்ளுன்னு நினைச்சேன்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "மொதல்லயே சொல்றதுக்கு என்ன மேடம்?" பதிலுக்கு நிற்கவில்லை. உள்ளே யாரையோ கூப்பிட்டு, மயக்க மருந்தும் குழாயும் எடுத்து வைக்கச் சொன்னார். வயிற்றைக் கழுவ வேண்டும். நாயைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மேசையில் இருந்த படிவத்தில் 1 என்பதை அடித்து 2 என்று எழுதியிருந்தது.

என் கணவர் வராந்தாவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். வேட்டி அதற்குள் காய்ந்திருந்தது. வேட்டியில் நாயின் எச்சில். அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "என்கிட்டயும் ஒண்ணுன்னுதானே சொன்னே" என்றார்.

"ஆமாம்."

"சரி. டாக்டர்கிட்ட சொல்லிட்டியோன்னோ." பவித்திரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் வைக்கப் பார்த்தார். சட்டையே போட்டிருக்கவில்லை. மறுபடி விரலில் போட்டுக்கொண்டார்.

குழாயில் இன்னும் சோறு வந்தது. அதைச் சொன்னபோது டாக்டரின் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். முதல் நாள் இரவு கால்கள் நடுங்கியதாகப் போனில் சொன்னார்கள். மறுநாள் காலை தண்ணீர் குடித்தது. ஈரலுக்கான ரத்தப் பரிசோதனையில் அளவுகள் முதலில் ஏறியிருந்தன, மூன்றாம் நாள் இறங்கத் தொடங்கின. வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார்கள். மாத்திரை, அரிசிக் கஞ்சி, ஒரு வாரம் ஓட்டம் கூடாது, நிதானமாக நடக்கலாம்.

எங்கே நடப்பது என்பதுதான் கேள்வி. மூன்று உருண்டைகளை நான் பார்த்தேன். பெருச்சாளி தின்றது வேறு ஒன்று. இன்னும் எத்தனை, எங்கே? வைத்தவருக்குத்தான் தெரியும். அவர் வைக்கவே இல்லை என்கிறார். நாய் வாசல் கதவருகே நின்று முனகியது. நான் அதைப் பின்கட்டிலேயே சுற்றிச் சுற்றி நடத்தினேன். அது அங்கே சிறுநீர் கழிக்க மறுத்து, பதினான்கு மணி நேரம் அடக்கி வைத்திருந்தது.

நாலாம் நாள் காலை மூலை வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை கேள்வி எதுவும் கொண்டுபோகவில்லை. வாசலில் நின்று சொன்னேன். "நாய் பிழைச்சுடுத்து. ரெண்டு உருண்டை தின்னது. முதலாவது எனக்குத் தெரியாம. ரெண்டாவதை நான் பார்த்துண்டேதான் விட்டேன், காக்காய்க்கு வெச்சதுன்னு நினைச்சு. டாக்டர்கிட்ட ஒண்ணுன்னு பொய் சொன்னேன். அப்புறம் திருத்திச் சொன்னேன்."

அவர் கையில் செய்தித்தாள் இருந்தது. அதை மடித்தார். மறுபடி மடித்தார்.

"பெருச்சாளி காம்பவுண்டு அடியில தோண்டிடுச்சு மேடம்" என்றார். "சுவர் சாயுது. மாவுல வெச்சேன், தொடல. சோத்துல வெச்சா திங்கும்னு கடைக்காரன் சொன்னான். கல்லுக்கு உள்ளதான் வெச்சேன். ராத்திரி அதுங்களே இழுத்து வெளிய போட்டிருக்கணும். அமாவாசைங்கறது எனக்குத் தோணவே இல்ல. எங்க வீட்ல நாங்க திதி பாத்து முந்தின தசமி அன்னிக்கே முடிச்சுட்டோம்."

"எத்தனை வெச்சீங்க?"

"அஞ்சு."

நாய்க்கு இரண்டு. ஒன்று பொட்டலம். ஒன்று பெருச்சாளி. நான் சொல்வதற்கு முன் அவரே விரல் விட்டு எண்ணிவிட்டு நிமிர்ந்தார். "ஒண்ணு இருக்கு" என்றார்.

துப்புரவு அம்மா தெருவின் பாதியில் இருந்தார். கூப்பிட்டேன். தள்ளுவண்டியில் இருந்த கம்பியை எடுத்துக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டு மூலை வீட்டுக்காரரை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"ஏன் சார், பேங்க்ல வேல பாத்தவரு, கணக்கு இப்பதான் சொல்றீங்க?"

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். சாக்கடைக் கல்லை அம்மா கம்பியால் நெம்ப, அவரும் நானும் விளிம்பைப் பிடித்துத் தூக்கினோம். ஒன்றும் இல்லை. இரண்டாவது கல். அதன் அடியில் பெருச்சாளி வளையின் வாய்க்கு அருகே, செங்கல் இடுக்கில் இருந்தது. காய்ந்து சுருங்கியிருந்தது. ஒரு எறும்புகூட அதில் இல்லை.

அம்மா அதைக் காகிதத்தில் எடுத்து, பிளாஸ்டிக்கில் சுற்றி, மறுபடி சுற்றி, தனியாக வைத்தார். வீட்டுக்காரர் கூண்டு வாங்கிவிடுவதாகச் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். கற்களை மறுபடி பொருத்தினோம். பொருத்தும்போது என் விரல் நசுங்கியது, அதற்கும் அவர் மன்னிப்புக் கேட்டார்.

"போயி நாய இட்டாங்க மேடம்" என்றார் அம்மா, கையுறையை உதறிக்கொண்டே. "எவ்ளோ நேரம் அடக்கினு நிக்கும், பாவம்."

வீட்டுக்கு வந்து கை கழுவினேன். மருத்துவமனையில் வாங்கிய வாய்க்கூடையை மாட்டினேன். நாய் தண்ணீர் குடிக்கலாம், மூச்சு வாங்கலாம், தரையிலிருந்து எதையும் எடுக்க முடியாது. அதற்குப் பிடிக்கவில்லை. முன்னங்காலால் இரண்டு தடவை தட்டிவிடப் பார்த்தது. கதவைத் திறந்ததும் அதை மறந்துவிட்டு இறங்கியது. முதல் மின்கம்பத்தருகே நின்றது. வெகுநேரம் நின்றது. நான் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.